ஆய்வுப் பயண அறிக்கை கேட்டு ஒரு பயணம்

எழுபத்தொரு வயதில் எழுத்துக் கூட்டப் பழகிய நான், செய்தித்தாளில் முழுதாகப் படித்து முடித்த முதல் கட்டுரை வெளிநாட்டு அரசியல்வாதிகளின் பயணச் செலவைப் பற்றியது. படிக்க மூன்று நாள் ஆனது. சுவீடனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் ரயிலிலும் பஸ்ஸிலும்தான் போகிறார்களாம். பிரிட்டனில் அவர்கள் வாங்கும் செலவுப் பணத்தின் விவரத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாமாம்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பிய என் நண்பர் சவரியிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அங்க தெப்புத்தேங்களுக்கு, அதான்யா எம்.பி.ங்களுக்கு, ரயில்ல முதல் வகுப்பு இனாம். ஆனா மத்த செலவுக்கு பில்லை பத்திரமா வெச்சிருக்கணும். கேட்டா காட்டணும்" என்றார்.

நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் பயணச் சலுகை உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. ஊர் வேலையாக அலைபவர் நடந்தா போக முடியும்? ஆனால் அவர்கள் குழுவாக வெளியூருக்கு ஆய்வுப் பயணம் போய் வந்தால் அங்கே என்ன பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று எழுத்தறிவு வகுப்பு டீச்சர் சொன்னார். நான்கு கேள்விகள் எழுதினேன்: யார் போனார்கள், எதில் போனார்கள், எவ்வளவு செலவு, என்ன அறிக்கை எழுதினார்கள். மில்லில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் என் மனுவையெல்லாம் அடுத்தவர்தான் எழுதினார்; என்னுடையது கைநாட்டு மட்டும். இந்த மனுவாவது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை என் கையால் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் பயணத்தின் நோக்கம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.10க்குப் பிள்ளைச்சாவடியில் இருவரும் பஸ் ஏறினோம். ஆளுக்குப் பதினைந்து ரூபாய். எட்டு கிலோமீட்டர்தான், ஆனால் முத்தியால்பேட்டையில் நெரிசல். அஜந்தா சிக்னலில் இறங்கும்போது 9.45. வழியில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்ததால் எனக்கு நேரம் போனது தெரியவில்லை. அங்கிருந்து தபால் நிலையத்துக்கு நடை. மனுக் கட்டணத்துக்கான பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருக்குக் கமிஷனோடு பதினோரு ரூபாய்; அதை வாங்க நீண்ட வரிசை. ஒரு டீ குடித்துவிட்டுச் சட்டமன்ற அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி 11.20.

கவுன்டரில் ஓர் அம்மா இருந்தார். மனுவின் அடியில் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. அவர் முன்னால் போட வேண்டும் என்று விட்டு வைத்திருந்தேன். மேசை மேல் முத்திரைக்கான மை பேட் திறந்து கிடந்தது. என்ன நடந்தது என்று நான் உணரும் முன்பே என் இடது பெருவிரல் பேட்டில் பட்டு, தாளிலும் பதிந்துவிட்டது.

"கைநாட்டா பெரியவரே? அப்ப யார் எழுதிக் குடுத்தது? அவங்க பேரும் ரெண்டு சாட்சி கையெழுத்தும் வேணுமே."

"நான்தாம்மா எழுதனேன்."

"பின்ன எதுக்கு ரேகை வெச்சீங்க?"

"பழக்கம்மா. பேடைப் பாத்தா வெரல் தானா போயிடுது."

சவரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மத்த ஊர்ல பில்லு காட்டறான். நீ வெரலைக் காட்டுறியேயா. வுடு, நான் எழுதனதா போட்டுடலாம். சாட்சிக்கு வெளிய யாராவது ரெண்டு பேர் கெடைப்பாங்க."

"போடக் கூடாது."

"வீம்பு புடிக்காத. பஸ்ஸுக்கு நேரமாவுது."

"நீ போய்ட்டு வாய்யா. நான் இருக்கேன்."

அவர் போகவில்லை. அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "இங்கயே ஒக்காந்து எழுதுங்க. ஒரு மணிக்கு சாப்பாட்டுக்கு எழுந்திருவேன்."

வீட்டில் அந்த மனுவுக்கு நான்கு நாள் பிடித்தது. இங்கே ஒன்றரை மணி நேரம். பெறுநர், அனுப்புநர், பொருள் எழுதி முடிக்கவே 12.25 ஆகிவிட்டது. நான்கு கேள்விக்கும் நேரமில்லை. எதை விடுவது? பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பிறகு ஒரே கேள்வியை எழுதினேன்: "உறுப்பினர்கள் கடைசியாகப் போன ஆய்வுப் பயணத்தின் அறிக்கை எனக்கு ஒரு நகல் வேண்டும். நான் படிக்க வேண்டும்." கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சவரி மை பேடை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

12.50க்குக் கொடுத்தேன். அந்த அம்மா பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்து ஒன்றுதான், இரண்டிலும் அதே கோணல்.

"நாலு கேள்வி கேட்டிருந்தீங்களே?"

"ஊருக்குப் போய்ட்டு வந்து எழுதறவங்க யாரு போனாங்க, எதுல போனாங்கன்னு சொல்லாமயா எழுதுவாங்க? எல்லாம் அதுலயே இருக்கும்மா."

அவர் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். எழுதியவர் பெயர், சாட்சி என்று எதுவும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆளுக்குப் போக வர பஸ் முப்பது ரூபாய், போஸ்டல் ஆர்டர் பதினொன்று. அரை நாள் போதும். பத்தரைக்குள் போய்விடுங்கள். இரண்டு வெள்ளைத் தாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி குறைவாக இருந்தால் நல்லது. எந்த நாட்டு முறை சிறந்தது என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் போய் வந்ததைக் கேட்பவருக்குக் காட்டுவது எந்த ஊரிலும் முடியும் என்று தோன்றுகிறது. நானே இதோ எழுதிவிட்டேன்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம் என்றார் டீச்சர். என் வேகம் எனக்குத் தெரியும் என்பதால் அதை இன்றைக்கே எழுதத் தொடங்கிவிட்டேன்.