மஞ்சள் ஒட்டுப் போட்ட சட்டை

மழைக்காலத்தில் காயாத துணிக்கு ஒரு வாடை உண்டு. சோப்பும் ஈரச் சுவரும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறினால், நாற்பதைத் தாண்டிவிட்ட இன்றும் என் கண் தலைக்கு மேலே துணியைத் தேடுகிறது. தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்தில் கோடையிலேயே வெயில் விருந்தாளிபோலத்தான் வந்து போகும், ஜூன் பிறந்துவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் நடுவே, தகரக் கூரைக்குக் கீழே, ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டு வீட்டுத் துணியும் அந்த ஒரே "கொடி"யில்தான் தொங்கும்.

எதிர்வீடு பேச்சி அத்தையும் சுடலை மாமாவும் இருந்த வீடு. உறவு என்று பெரிதாக ஒன்றுமில்லை, திருநெல்வேலிப் பக்கம் அடுத்தடுத்த ஊர், அவ்வளவுதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கொடியில் எது யாருடையது என்று யாரும் பார்த்ததில்லை. காய்ந்ததை எடுத்து உடுத்திக்கொண்டு போவார்கள். மாமாவின் லுங்கியில் அப்பா தூங்குவார். அப்பாவின் சட்டையில் மாமா சர்ச்கேட் வரை போய்வருவார். "இது எங்க அத்தான் சட்டைல்லா" என்று அம்மா சொன்னால், "அத்தான் உள்ளதான் இருக்காரா, வெளிய எடுத்து வைக்கட்டுமா?" என்று மாமா கேட்பார்.

அப்பாவும் மாமாவும் பெயிண்டர்கள். கடலுக்குள் எண்ணெய்க் கிணறுகளின் அருகே நங்கூரமிட்டு நிற்கும் ஒரு தட்டையான கப்பலில் தங்கி, துருவைச் சுரண்டி வண்ணம் அடிப்பது அவர்கள் வேலை. அந்தக் கப்பலை வீட்டில் "பார்ஜ்" என்போம். சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவார்கள். அந்த வருடம் கிளம்புவதற்கு முன் மாமாவின் பச்சைக் கட்டம் போட்ட சட்டை தோளில் கிழிந்திருந்தது. ரெடிமேட் பட்டறையில் காலர் தைத்துக்கொண்டிருந்த அத்தை, கையில் கிடைத்த மஞ்சள் துண்டை வைத்து ஒட்டுப் போட்டாள்.

"என்னட்டி, என்னைய சர்க்கஸ்காரன் ஆக்கிட்டே?"

"கெடக்கட்டும். தாதர் டேசன் கூட்டத்துல நின்னாலும் எங்க ஆளுன்னு கண்டுபிடிச்சிருவேன்லா."

புயல் வந்த அன்று எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் சேர்க்கும் முகாதம் அனுப்பிய ஒருவன் வந்து, தண்ணீரில் நின்றபடியே, நங்கூரக் கயிறு அறுந்து பார்ஜ் மூழ்கிவிட்டது, சிலரை நேவி தூக்கியிருக்கிறது என்று இந்தியில் சொன்னான். எத்தனை பேர், யார் யார் என்று கேட்பதற்குள் அடுத்த சந்துக்குப் போய்விட்டான். துறைமுக வாசலுக்கு ஓடிய அம்மாவையும் அத்தையையும் காவலாளி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான். பிறகு இருந்த ஒரே வழி அத்தை வீட்டுக் கலர் டி.வி.தான். எனக்குத்தான் இந்தி நன்றாக வரும் என்பதால் முன்னால் உட்கார்த்திவைத்தார்கள்.

"என்னட்டி சொல்லுதான்?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

"தேடிக்கிட்டு இருக்காங்களாம்."

"அதத்தான காலையிலயும் சொன்னான்?"

பிற்பகலில் அந்தப் படம் வந்தது. கப்பலிலிருந்து ஆட்களை இறக்குகிறார்கள். கம்பளி போர்த்திய சிலர் தலை குனிந்து நடக்கிறார்கள். பின்னால் ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் கிடந்தவனின் முகத்தை ஆக்சிஜன் முகமூடி மறைத்திருந்தது. கம்பளி விலகிய இடத்தில் பச்சைக் கட்டம், தோளில் மஞ்சள் ஒட்டு.

"அவுகதான்! ஏ செல்வி, அவுகதான்!" என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி அத்தை கத்தியதில் சந்தே திரண்டுவிட்டது.

"நல்லாப் பாத்தீகளா மதினி?" என்றாள் அம்மா.

"நான் போட்ட ஒட்டு எனக்குத் தெரியாதாட்டி?"

அத்தை சர்க்கரை டப்பாவை எடுத்து ஒவ்வொருவர் வாயிலும் போட்டாள். அம்மா வாயிலும் போட்டாள். அம்மா சிரித்தாள், அத்தையைக் கட்டிக்கொண்டாள், பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தாள். நெடுநேரம் அவள் தொண்டை அசையவில்லை; அந்தச் சர்க்கரையை அவள் விழுங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. எதிரே டீ போடுகிற சத்தம் கேட்டது. எங்கள் ஸ்டவ்வை யாரும் பற்றவைக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அத்தை ஒரு பிளாஸ்கில் டீயும், மாமாவுக்கு ஒரு துவைத்த சட்டையும் எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாட்டி, அங்கன எங்கயாவது தம்பியும் கெடப்பான்." இந்தி பேச நானும் கூடப் போனேன்.

வார்டில் மஞ்சள் ஒட்டை முதலில் பார்த்தது அத்தைதான். வேகமாகப் போனவள் கட்டிலுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டாள். உப்பில் ஊறி வீங்கிய முகம், வெடித்த உதடு. ஆனாலும் அது என் அப்பா.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தைக்கூட அப்படிப் பொத்த வேண்டியிருக்கும் என்று நான் அன்றுதான் பார்த்தேன். அத்தை பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீயை ஊற்றி, அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"மொதல்ல குடி தம்பி." அவர் குடித்த பிறகுதான் கேட்டாள். "இந்தச் சட்டை ஏது?"

"கொடியில கெடந்துச்சுக்கா. சங்கு ஊதவும் கையில சிக்குனத மாட்டிக்கிட்டு ஓடுனோம். மச்சான் எஞ்சட்டையப் போட்டிருந்தாரு. கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் குதிச்சோம்."

பார்ஜிலும் அவர்கள் ஒரு கயிறு கட்டியிருந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு தேட வேண்டியது நீலச் சட்டை போட்ட ஒருவரை. அந்தச் சட்டை எப்படி இருக்கும் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அம்மாதான் சொன்னாள்: வான நீலம், காலர் தேய்ந்ததால் பிரித்துத் திருப்பித் தைத்தது, கடைசிப் பித்தான் மட்டும் வெள்ளை. கரையில் ஒதுங்கியவர்களை முகத்தை வைத்து அறிய முடியாது என்றும், துணிகளைத்தான் மேசையில் விரித்து வைத்திருக்கிறோம் என்றும் பிணவறையில் சொன்னார்கள். அத்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் காலரு நீ தச்சதுல்லா, ஒனக்குத்தான் தெரியும். நீ போய்ப் பாருட்டி."

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்து, "வெள்ளைப் பித்தான் மதினி" என்று அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அத்தை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பச்சைச் சட்டையை என்ன செய்வதென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா துவைத்துக் கொடியில் போட்டாள். அது காய்ந்தது, நனைந்தது, மறுபடி காய்ந்தது. போகவர அதன் கை எங்கள் தலையில் உரசும். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது அது கொடியில் இல்லை. மடித்து வைத்த எங்கள் துணிகளோடு, அப்பாவின் பனியனுக்கு மேலே இருந்தது. மடித்தது அத்தை. அப்பா அதைப் போட்டதுமில்லை, தூக்கிப் போட்டதுமில்லை. அவர் பிறகு கடலுக்கும் போகவில்லை.

அத்தை போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன, அப்பாவும் இல்லை. அந்தச் சந்து வீடுகளை இடித்துச் சமப்படுத்திவிட்டார்கள். போன மாதம் போய்ப் பார்த்தபோது கயிறு கட்டிய கொக்கி எந்த இடத்தில் இருந்திருக்கும் என்றுகூட ஊகிக்க முடியவில்லை. அம்மா இப்போது ஐரோலியில் என்னோடு இருக்கிறாள். எட்டாவது மாடி பால்கனி, நல்ல வெயில், கொடியில் எங்கள் துணி மட்டும்தான். இருந்தும் மாலையில் எடுக்கும்போது அம்மா ஒவ்வொரு சட்டையையும் விரித்து, தோளைப் பார்த்து, காலரைத் திருப்பிப் பார்த்து, பித்தான்களைக் கடைசிவரை தடவிவிட்டுத்தான் மடிக்கிறாள்.