அருவி தின்ற மலை

அந்த வருஷம் சாரல் தொடங்கும்போதே அம்மாவுக்கு மாறாத இருமல். குற்றாலத்துக் காற்று பட்டால் தேறிவிடுவாள் என்று வைத்தியர் சொன்னதால், தென்காசி வீட்டைப் பூட்டிக்கொண்டு அருவிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். எனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

சித்தப்பாவும் லீவுக்கு வந்திருந்தார். பட்டணத்துக் காலேஜில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரிடம் பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர். சோற்றைப் பிசைந்துகொண்டே மலையைப் பற்றிப் பேசுவார். இந்தப் பாறை பூமிக்கு அடியில் வெந்து இறுகியதாம். மேலே கிடந்ததெல்லாம் மழையில் கரைந்து போக, கரையாமல் தாக்குப்பிடித்தது மலையாக நிற்கிறதாம். இலஞ்சி வயல் மண்கூட ஒரு காலத்தில் மலையாக இருந்ததுதானாம். அருவி விழுந்து பொங்குகிற பள்ளத்தைத் தண்ணீரே தோண்டிக்கொண்டதாம்.

"இன்னும் தோண்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அம்மா அருவிக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் குளிக்க அனுமதி இல்லை, காற்று வாங்க மட்டும்தான். இரவு பெய்த மழையில் அருவி செம்மண் நிறமாக இரைந்தது. மலை கரைந்து வருகிறது என்றே நினைத்தேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிம்மா, மலை விழப் போவுது!"

"ஏட்டி, ஏன் இப்படிக் கத்துத?"

"அருவி மலையைத் தின்னுதாம். சித்தப்பா சொன்னாவ."

நான் விடாமல் இழுத்ததில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குளிக்க வந்த பெண்கள் கூடிவிட்டார்கள். சித்தப்பா ஈர வேட்டியோடு ஓடி வந்தார். இருமல் அடங்கியதும் அம்மா அவரிடம் கேட்டாள்.

"தம்பி, இந்த மலை தேய எவ்வளவு நாளாவும்?"

"கோடிக்கணக்கான வருஷம் ஆவும் மதினி. நம்ம காலத்துல ஒரு விரக்கடைகூடக் குறையாது."

"கேட்டியாட்டி? உன் பேரப்பிள்ளைக வந்து பாத்தாலும் இப்படியேதான் நிக்கும்."

எனக்கு உயிர் வந்தது. "அப்போ நீயும் நானும் வருஷா வருஷம் வரலாம்" என்றேன்.

அம்மா சிரித்தாள். சாரலில் நனைந்திருந்த என் தலையை மடியில் சாய்த்து முந்தானையால் துவட்டினாள். ஈரம் போன பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள். சித்தப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அருவியைப் பார்த்து நின்றார்.

அடுத்த சாரலுக்கு அம்மா இல்லை. அது அவர்கள் இருவருக்கும் அன்றைக்கே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மலை விழாது என்பதும், பசிக்கிறது என்பதும்தான்.