காதுக்காரர் வைத்த டைமிங்

அந்த லாரி மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பெட்ரோல் எஞ்சின்களுக்கு டைமிங் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது லாரிக்காரர்கள் பேச்சு. மற்ற மெக்கானிக்குகள் அதற்கென்றே இருக்கிற லைட்டை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் சும்மா நின்று கேட்பார், ஒரு திருப்பு திருப்புவார், நட்டை இறுக்குவார், கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். "எங்கண்ணனுக்குக் காதுலதான் கண்ணு" என்று அவருடைய தம்பியே போகிற இடமெல்லாம் பெருமை பேசித் திரிந்தான்.

அந்தக் காதுதான் இப்போது போய்க்கொண்டிருந்தது. தனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரேயடியாகப் போயிருந்தால் மறைத்திருக்க முடியாது. அது திருடன் மாதிரி மெல்லிய சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. சுத்தியல் கேட்டது, லாரி ஹாரன் கேட்டது, எதிரே நின்று பேசினால் பேச்சும் கேட்டது. பக்கவாட்டில் நின்று பேசினால் தலையை ஆட்டி வைப்பார். நாலு பேர் சிரித்தால் ஐந்தாவதாகச் சிரிப்பார். ஒருநாள் அவர் மனைவி, "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவர் குக்கருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, பரீட்சை எழுதுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பி வரும்போது வீடெல்லாம் கருகிய வாடை.

"விசில் வரவே இல்ல. வெயிட் சரியில்லபோல" என்றார்.

"குளியலறையில எனக்குக் கேட்டுச்சுங்க."

"தண்ணி சத்தத்துல உனக்கு என்னத்தக் கேட்டுச்சோ!"

அவள் கருகிய பாத்திரத்தை ஊற வைத்தாள்.

எஞ்சினுக்குள் பொறி விழ வேண்டிய நேரத்தைத்தான் டைமிங் என்பார்கள். பிஸ்டன் மேலே ஏறி முடிக்கப் போகிற சமயத்தில் பொறி விழ வேண்டும். பிந்தி விழுந்தால் வண்டி சோம்பேறி ஆகிவிடும், மேட்டில் இழுக்காது. ரொம்ப முந்தி விழுந்தாலோ, ஏறி வருகிற பிஸ்டனைத் தீ எதிர்த்துத் தள்ளும், எஞ்சின் கொதிக்கும், அப்போதும் வண்டி மேட்டில் திணறத்தான் செய்யும். சோம்பலா, எதிர்ப்பா என்று பிரித்துச் சொல்வது ஒரே ஒரு சத்தம். பொறி முந்தினால் எஞ்சினுக்குள் யாரோ கண்ணாடி வளையல்களைக் குலுக்குவது போல ஒரு கிணுகிணுப்பு வரும். மெல்லிய சத்தம்தான். அந்தக் கிணுகிணுப்பு வரும்வரை, பொறியைப் பங்கு பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே போய், வந்ததும் கொஞ்சம் பின்வாங்கி இறுக்குவதுதான் காதுக்காரரின் வித்தை. அது கேட்கவில்லை என்றால் எங்கே நிறுத்துவது?

தம்பி ஓட்டுவது ஒரு பழைய தண்ணீர் லாரி. குழாய் வராத தெருக்களுக்கெல்லாம் அதுதான் கதி. "மேட்டுல இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்று அவன் வந்து நின்றபோது காதுக்காரர் முறையாகத்தான் ஆரம்பித்தார். பெட்ரோல் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் போட்டார். கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைத்தார். திருப்பத் திருப்ப எஞ்சின் உற்சாகமாகச் சீறியது. வளையல் சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். அப்போதும் வரவில்லை.

தொட்டி நிறையத் தண்ணீரோடு பட்டறைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். காதுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எப்படிண்ணே?"

"சுத்தமா இருக்கு."

தம்பி சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தான். "சுத்தமாவா இருக்கு?"

"அதான் சொல்றேனே."

"சரிண்ணே" என்று அவன் கியரை மாற்றினான்.

வண்டி மறுபடி வந்தது, இந்தத் தடவை கொதித்துக்கொண்டு. காதுக்காரர் பொறி விடுகிற பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். பொறி முந்துகிறது என்று அந்தப் பிளக் வாய்விட்டுச் சொல்லாத குறைதான். அவருக்கும் அது ஒரு கணம் சுருக்கென்றது. ஆனால் வீராப்பு என்று ஒன்று இருக்கிறதே! "பெட்ரோல்ல எவனோ கலப்படம் பண்றான்" என்று பழியை முகம் தெரியாத ஒருவன் தலையில் போட்டார். பிறகு வண்டியைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் முக்கி முனகி நின்று நின்று சுற்ற ஆரம்பித்தது. பொறி முந்தினால் அதுவும் நடக்கும். "பேட்டரி செத்துப்போச்சு" என்றார். நல்ல பேட்டரியைக் கழற்றி, தெருக்கோடியில் இருந்த பேட்டரி சார்ஜ் கடைக்கு அனுப்பினார்.

பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு டைமிங் லைட் உண்டு. "காதுக்காரரே, ஒரு தடவை லைட் அடிச்சுத்தான் பாருமே. கற்பா போயிடும்?" என்று கிண்டல் செய்தார்.

"கண்ணு தெரியாதவனுக்குத்தான் கைத்தடி வேணும்" என்றார் காதுக்காரர். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

மறுநாள் காலையில் தண்ணீருக்கு அவசரம். சார்ஜுக்குப் போன பேட்டரி வரவில்லை. இடைக்காலத்துக்கு என்று மாட்டியிருந்த சின்னப் பேட்டரிக்குப் பொறி கொடுக்க மட்டும்தான் தெம்பு இருந்தது, ஸ்டார்ட்டரைச் சுற்ற இல்லை. "ஹேண்டில் போட்டு அடிச்சுக்கோடா" என்று சொன்னதும் காதுக்காரர்தான். தம்பி வண்டியின் முன்னால் குனிந்து, எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலைச் செருகி, மூச்சைப் பிடித்து மேலே இழுத்தான். பிஸ்டன் ஏறி முடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பொறி விழுந்தது. எஞ்சின் பின்பக்கமாக உதைத்தது. ஹேண்டில் அவன் கையோடு எதிர்ப்பக்கம் திரும்பியது.

அந்த அலறல் மட்டும் காதுக்காரருக்கு நன்றாகக் கேட்டது.

ஓடி வந்தார். தம்பி மண்ணில் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டு மணிக்கட்டு மாதிரியே இல்லை. சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கட்டைவிரலை மடக்கியாடா பிடிச்ச? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். மடக்கிப் பிடித்தால் உதைக்கும்போது கை விடுபடாது. லாரி ஓட்டுகிற எவனுக்கும் தெரிந்த பாடம் இது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். "இத்தனை வருஷம் வண்டி ஓட்டி இதுகூடவா தெரியல" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது சாயங்காலத்துக்குள் எல்லோர் வாய்க்கும் போய்விட்டது. காதுக்காரர் அதை மறுக்கவில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து, பட்டறையை ஒட்டிய தன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவருக்கு முன்னால் மனைவி தட்டை வைத்தாள். எதிரே, அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் உட்கார்ந்து பேசுகிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"அவன் கட்டைவிரலை வெளியதான் வச்சிருந்தான். நான் ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"விரல் எங்க இருக்குன்னு பார்க்க மெக்கானிக்கா இருக்கணுமா? அன்னிக்கு அந்த வண்டி மேட்டுல ஏறும்போது கிணுகிணுன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்த எனக்கே கேட்டுச்சு." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "குக்கர் மாதிரி அதுவும் உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கோபம் வந்தது. யார் மேல் என்று தேடினால், கடைசியில் அவரிடமேதான் வந்து நின்றது. எழுந்து கை கழுவிக்கொண்டு லேத்காரரிடம் போனார்.

"அந்த லைட்டைக் கொஞ்சம் குடும்" என்றார்.

லேத்காரர் கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி வேலையைப் பார்த்தார். கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று இருந்தது.

சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்பினார். லைட் விட்டு விட்டு மின்னியது. அந்த மின்னலில், சுற்றுகிற சக்கரத்தில் உள்ள கீறல் அசையாமல் நிற்பது போலத் தெரிய வேண்டும், பக்கத்தில் இருக்கிற முள்ளுக்கு நேராக. கீறல் நின்றது. முள்ளுக்குப் பக்கத்தில்கூட இல்லை. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தூரம் தள்ளி. புதிதாக வேலை கற்கிறவன்கூட இப்படி வைக்க மாட்டான். அவர் லைட்டைப் பார்த்துக்கொண்டே டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். கீறல் மெதுவாக முள்ளுக்கு நேரே வந்து நின்றதும் நட்டை இறுக்கினார். வண்டி சாதுவாக ஓடியது. அவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மறுநாள் தம்பி வீட்டில் மனிதர்கள் நிறைந்திருந்தார்கள். லாரிக்காரர்கள் இரண்டு மூன்று பேர், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். தம்பி சுவரோரக் கட்டிலில் கிடந்தான். முழங்கைவரை கட்டு. அவன் மனைவி, "வாங்க மாமா" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முகத்தில் அழைப்பு இல்லை.

தனியாக இருக்கும்போது சொல்லிவிடலாம் என்றுதான் அவர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். ஆனால் பழியைப் போட்டது கூட்டத்தில். எனவே ஸ்டூலில் உட்காராமல், நின்றுகொண்டே சொன்னார்.

"தப்பு கட்டைவிரல் மேல இல்லடா. டைமிங் தாறுமாறா முந்தி இருந்துச்சு. லைட் வச்சுப் பார்த்தேன்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியும்ணே" என்றான் தம்பி. "மேட்டுல ஏறும்போதே சத்தம் கேட்டுச்சு."

"ஏன்டா சொல்லல?"

"நீ சுத்தமா இருக்குன்னியே. என் காதுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

தன் காதால் கேட்டதை விட்டுவிட்டு அண்ணன் வார்த்தையை நம்பியிருக்கிறான், மடையன். அண்ணனைப் பெரிய ஆளாக நினைத்ததைத் தவிர அவன் செய்த பிழை வேறு ஒன்றும் இல்லை.

"எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதில்லடா" என்றார். "ரொம்ப நாளாவே கேக்கறதில்ல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னான். சொன்னது அறையில் எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும். லாரிக்காரர்கள் தலையைக் குனிந்தார்கள். தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்குக் கேட்கவில்லை. வழக்கம்போலத் தலையை ஆட்டிவிடலாம். மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கழுத்து பாதி அசைந்தேவிட்டது.

"என்னடா சொன்ன?" என்றார். "எனக்குக் கேக்கல."

"விடுங்க மாமா" என்றாள் தம்பி மனைவி.

"இல்லம்மா, சொல்லட்டும். முகத்தை இந்தப் பக்கம் திருப்பிச் சொல்லுடா."

தம்பி திரும்பினான். கண் சிவந்திருந்தது. அண்ணனிடம் ஒருநாளும் குரலை உயர்த்தாதவன், வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, தெரு வரைக்கும் கேட்கும்படி சொன்னான்.

"இந்தக் கை இனிமே பழையபடி திரும்பாதாம்ணே. லாரி ஓட்டுறதை மறந்துடச் சொல்லிட்டாங்க."

இந்தத் தடவை அவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.