கிள்ளாத செம்பருத்தி

எங்கள் அக்கா குமராட்சிக்குப் பக்கத்தில், வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கும் தெருவில் பிறந்தார். அம்மா நடவுக்குப் போக, கைக்குழந்தையான என்னைப் பார்த்துக்கொள்ள எட்டாம் வகுப்போடு நின்றார். அந்தக் குழந்தையான நான்தான் பிறகு கடலூரில் தாவரவியல் ஆசிரியனானேன்.

செய்முறைத் தேர்வுக்கு ஒற்றைச் செம்பருத்தி வேண்டும். நகரத்தில் எங்கும் அடுக்குச் செம்பருத்திதான். அதனால் ஆண்டுதோறும் அக்கா தன் வீட்டுப் பூக்களை ஈரத்துணியில் சுற்றி, மினிபஸ்ஸில் சிதம்பரம் வந்து, பஸ் மாறி, மணியடிக்கும் முன் பள்ளிக்கு வந்துவிடுவார்.

முதல் ஆண்டு துணியைப் பிரித்தேன். ஒரு பூவிலும் புறப்புல்லி வட்டம் இல்லை. புல்லி இதழ்களுக்கு வெளியே, அடியில் சுற்றி நிற்கும் சின்னப் பச்சை இலைகள் அவை. செம்பருத்திக் குடும்பத்துப் பூவுக்கு அதுவே முக்கிய அடையாளம். மாணவர்கள் வரைந்து குறிக்க வேண்டியது.

"எறும்பும் மாவுப்பூச்சியும் அதுலதான் தம்பி ஒட்டிக்கினு இருக்கும். சாமிக்கு வக்கிற மாதிரி சுத்தமா இருக்கட்டும்னு கிள்ளிட்டேன்" என்றார்.

"படிக்காதவங்ககிட்ட சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்!" மாணவர்கள் எதிரில்தான் கத்தினேன். அக்கா காலித் துணியை மடித்துக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

அடுத்த ஆண்டிலிருந்து பூக்கள் பச்சையோடு வந்தன. வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காதானே, எங்கே போகப்போகிறார் என்று இருந்துவிட்டேன்.

அக்காவின் காரியம் முடிந்த அன்று அவர் வீட்டுச் சாமி படங்களைப் பார்த்தேன். அக்கா கடைசியாக வைத்து வாடிய செம்பருத்திகள். எல்லாவற்றிலும் அடிப்பச்சை அப்படியே இருந்தது.

"அம்மா சாமிக்கும் கிள்ளவே மாட்டாங்க மாமா" என்றாள் அக்கா மகள். "பழக்கம் விட்டுப்போவணும், இல்லன்னா தம்பி பூவுலயும் கை மறந்து கிள்ளிடும்னு சொல்லுவாங்க."

என் ஒரு சொல் சாமி படம்வரை போயிருக்கிறது.

சிதம்பரம் மருத்துவமனையில் கடைசி நாட்களில் முறைவைத்து உடனிருந்த தெருப் பெண்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய சம்பந்தி வீட்டாருக்கும், தூரம் பாராமல் வந்து தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலாண்டு நினைவுநாளுக்கு வரும் உறவுகளே, அக்கா படத்துக்குச் செம்பருத்தி கொண்டுவாருங்கள். கிள்ளியே கொண்டுவந்தாலும் சரி. இந்த முறை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.