தமிழ்செல்வியின் தோளில் எழுந்த கோடு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற பழக்கம் எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே உண்டு. தசை சுருங்கினால் நரம்பு காரணம், நரம்புக்கு மூளை காரணம், அதற்கு அப்பால் தேட எதுவுமில்லை என்று படித்து, அதையே பிழைப்பாகவும் கொண்டவள் நான். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

விருத்தாசலத்தில் சிறியதொரு பிசியோதெரபி மையம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பீங்கான் பட்டறைப் பெண்கள். அவர்களில் ஒருவர் தமிழ்செல்வி. வலது தோளில் தசைநார் அறுந்து, வெளியூரில் அறுவை சிகிச்சை முடித்து, கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பலகை தூக்குவது அவர் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத கோப்பைகளை நீளப் பலகையில் அடுக்கி, முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வலது தோளில் தாங்கி உலர்த்தும் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். பலகை தோளில் இருக்கும்போது பேசக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. பேசினால் சிரிப்பு வரும், சிரித்தால் பலகை ஆடும். வழியில் படி வந்தால் முன்னால் போகிறவள் தோளை இலேசாக உயர்த்துவாள், பின்னால் வருகிறவளுக்கு அது போதும். முன்னால் எப்போதும் அவருடைய தோழி லூர்து, பின்னால் எப்போதும் தமிழ்செல்வி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

அறுவை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் சில வாரங்கள் அந்தக் கையை நான்தான் தூக்கி இறக்க வேண்டும். தமிழ்செல்வியின் தசை உழைக்கவே கூடாது. தையல் விட்டால் மறுபடி தைக்க அங்கே நார் மிச்சமில்லை. அசைக்காமலே விட்டாலோ தோள் இறுகிவிடும். அதனால் தோளில் இரண்டு மின்முனை ஒட்டுகளை ஒட்டி, தசையின் மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியை மாட்டியே பயிற்சி கொடுத்தேன். கோடு படுத்திருந்தால் தசை தூங்குகிறது, எழுந்தால் ஆபத்து.

ஒரு பிற்பகல், பயிற்சி முடித்து அவர் கையைத் தலையணைமேல் வைத்த பிறகு கோடு எழுந்தது.

"அக்கா, நீங்களா கையைத் தூக்காதீங்க."

"நான் எங்கங்க தூக்குறேன்? அது பாட்டுக்குச் செத்த மீனாட்டம் கெடக்குது."

கை அசையவில்லை என்பது உண்மை. ஆனால் கோடு ஒருமுறை ஓங்கி எழுந்து, பிறகு சிற்றலைகளாக ஓடி, நடுவில் ஒரு துள்ளல் துள்ளி, சட்டென்று படுத்தது. சற்று நேரம் கழித்து மறுபடி அதே வடிவம். ஒட்டுகளை மாற்றினேன், மின்சாரத்தை நிறுத்தி பேட்டரியில் ஓட்டினேன், என் தோளிலேயே ஒட்டிப் பார்த்தேன். என்னிடம் கோடு அசையவே இல்லை. அவரிடம், அவர் கண்ணயர்ந்த பிறகும் எழுந்தது.

அவர் விழித்ததும் கண்டதைச் சொன்னேன். அவர் சாதாரணமாகச் சிரித்தார். "அது ஒன்னும் இல்லீங்க மேடம். அங்க லூர்து பலகை எடுக்குறா."

நம்பவில்லை, ஆனால் சோதிக்காமல் விடவும் மனம் வரவில்லை. மறுநாள் லூர்துவுக்கு போன் போட்டேன். வேலையை எப்போதும்போலச் செய்யுங்கள், போன் மட்டும் இடுப்பில் இருக்கட்டும் என்றேன். "அவ அங்க படுத்துக்கிட்டு என்னை வேவு பாக்குறாளா? வூட்டுக்கு வரட்டும், இருக்குது அவளுக்கு" என்றார் லூர்து. தமிழ்செல்விக்குக் கேட்காதபடி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, போனைக் காதிலும் திரையைக் கண்ணிலும் வைத்துக்கொண்டேன். புதிதாகப் பின்னால் நிற்கிற பெண்ணிடம் லூர்து "புடி" என்றார். கோடு ஓங்கி எழுந்தது. செருப்புச் சத்தம் கேட்டவரை சிற்றலை. படியேறிய ஓசை, ஒரு துள்ளல். பலகை இறங்கிய சத்தத்தோடு கோடும் படுத்தது. அடுத்த பலகைக்கும் அப்படியே, அதற்கடுத்ததற்கும் அப்படியே.

அதன்பின் எனக்கு எந்த வேலையிலும் மனம் நிலைக்கவில்லை. லூர்து தூக்கும் ஒவ்வொரு பலகைக்கும் இங்கே ஒரு தையல் இழுபடுகிறது. நிறுத்தச் சொன்னால் அவர் குடும்பம் எதைச் சாப்பிடும்? சொல்லாமல் விட்டால் இவர் கை என்னாகும்? இரண்டில் எதைச் செய்தாலும் ஒருத்தியின் தோளில் ஏறி நிற்கிறவள் நான்தான். கடைசியில் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் லூர்துவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வேலைய வுட முடியாதுங்க. வேணும்னா தோள மாத்திக்கிறேன்."

"இடது தோள்ல பழக்கம் இருக்கா?"

"இல்ல. ரெண்டு பலகை வுழும், மேஸ்திரி கத்துவாரு. கத்தட்டும். அவ கை போயிட்டா அப்புறம் என் பின்னாடி யாருங்க வருவா?"

மறுநாளிலிருந்து கோடு படுத்தேவிட்டது. நார் நன்றாக ஒட்டியது. ஸ்கேன் பார்த்த மருத்துவர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

கடைசி நாள், வழக்கப்படி இரண்டு தோளையும் ஒப்பிட்டேன். வலது நிம்மதியாக இருந்தது. இடதில் ஒட்டியதும் கோடு எழுந்தது. சிற்றலை, துள்ளல், இறக்கம். லூர்து இடதில் தூக்குகிறார், இங்கும் இடதில் எழுகிறது; எதிர்பார்த்ததுதான் என்று தேற்றிக்கொண்டேன். அந்நேரம் லூர்துவிடமிருந்தே போன்.

"அவ கெளம்பிட்டாளா மேடம்? இன்னிக்குப் பட்டறையே லீவு. நான் சேத்தியாத்தோப்புல பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"தோள்ல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒரு கையில பையி, ஒரு கையில போனு. ஏங்க?"

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் கோடு மறுபடி ஓங்கி எழுந்தது. கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த தமிழ்செல்வி மெதுவாகச் சொன்னார்:

"இது லூர்து இல்லீங்க மேடம். அவ நடை இப்பிடி இருக்காது."

ஒட்டுகளைப் பிய்த்தெடுத்தேன். அந்த இடது தோளில் பிறகு எதையும் ஒட்டவில்லை. தமிழ்செல்வி இப்போது வேலைக்குப் போகிறார். லூர்துவுக்குப் பின்னால், பழையபடி வலது தோளில். மாலையில் என் மையத்தைக் கடக்கும்போது வலது கையை நன்றாக உயர்த்தி ஆட்டுவார். மேடு பள்ளமில்லாத அந்தத் தார்ச்சாலையில், ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், பலகையோடு படியேறுகிறவரைப் போல அவருடைய இடது தோள் இலேசாக உயர்ந்து இறங்குகிறது.