குட்டி யானையில் கேட்ட கிட்டார்

அன்று வண்டிக்குள் இருந்தவர்கள் நானும் மாமாவும். இல்லாதவள் அக்கா. அவள் இருந்திருந்தால் பாப்பாரப்பட்டியைத் தாண்டுவதற்குள் எங்கள் சண்டையைத் தீர்த்து வைத்திருப்பாள். இல்லையென்றால் இரண்டு பேரையும் ரோட்டில் இறக்கிவிட்டிருப்பாள்.

மாமா, அக்காவின் கணவர். சொந்தமாக ஒரு குட்டி யானை ஓட்டுகிறார். சின்னச் சரக்கு வண்டிக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அது. தோட்டங்களில் தக்காளி ஏற்றிப் பாலக்கோடு மண்டியில் இறக்குவது அவர் தொழில். நான் தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள். லீவு நாட்களில் மாமாவுக்குத் துணையாக மண்டிக்குப் போவேன்.

சண்டை ஒரு கிட்டாரைப் பற்றியது. இருவரும் சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரே ஒரு எலக்ட்ரிக் கிட்டார்தான் வாங்க முடியும். எதை வாங்குவது என்பதில் மாதக்கணக்காக இழுபறி. அன்று விடியற்காலை, பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டி முடித்ததும் மாமா சொல்லிவிட்டார்.

"மாப்ள, என் பங்க தனியா எடுத்துக் குடுத்துரு. எனக்குப் புடிச்சத நான் வாங்கிக்கறன். உனக்குப் புடிச்சத நீ வாங்கிக்க."

பாதிப் பணத்தில் கிடைப்பது பொம்மைதான் என்று இருவருக்கும் தெரியும். எனக்கு உறைத்தது அதுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்து, ஒரு பழைய மரக் கிட்டாரை மாற்றி மாற்றி மடியில் வைத்து வாசிப்போம். அது அத்தோடு முடிந்துவிடும். படித்தவன் என்பதால் சொந்தக்காரர்கள் என்னிடம் ஒரு அடி தள்ளி நின்றுதான் பேசுவார்கள். "தப்பு, மறுபடி வாசி" என்று என்னை அதட்டும் ஒரே ஆள் மாமா. அவர் தனியாகப் போய்விட்டால் என்னை அதட்ட ஆளில்லை.

ஹார்ட் ராக் என்கிற அதிரடி கிட்டார் இசை எங்களிடம் வந்த கதை எளிது. கல்லூரி விடுதியில் அறைத்தோழன் ஒருவன் மெமரி கார்டு நிறையப் பழைய வெளிநாட்டுப் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தான். அதை ஒருநாள் வண்டியில் போட்டேன். மாமாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மண்டி வந்து இறங்கும்போது, "அந்த ரெண்டாவது பாட்ட திரும்ப வெய்யி" என்றார். அன்றிலிருந்து இதே பைத்தியம்.

வாசிப்பவர்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையாததால் அவரே பெயர் வைத்தார். வேகமாக, ஒரு தையல்கூடத் தப்பாமல் வாசிப்பவர் தையல் மிஷின். கம்பியை மேலே தள்ளித் தள்ளி, சுருதி சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி நம்மைத் தவிக்க விட்டுப் பிறகு சேர்ப்பவர் அழுவாச்சி. கம்பிகளைத் தளர்த்தித் தாழ்ந்த சுருதியில் இடிப்பவர் கல்லொடைக்கிறவர். இன்னொருவர் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியை முழுசாகத் திறந்துவிட்டு, கையின் அழுத்தத்திலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைப்பார். மென்மையாகத் தொட்டால் தெளிவு, ஓங்கித் தொட்டால் உறுமல். அவருக்கு மட்டும் மாமா பெயர் வைக்கவில்லை. "அவரு பெரிய ஆளு" என்பார்.

இவர்களில் யாரைப் பற்றியும் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை. தகராறு ஒரே ஒரு குழுவைப் பற்றித்தான். இருவருக்கும் மிகவும் பிடித்த குழுவே அதுதான்.

"அந்தாளு வெண்டக்கா ஒடிக்கற மாதிரி வாசிக்கறாருங்க மாமா. டக்குனு அடிச்சு, டக்குனு உள்ளங்கையால அமுக்கறாரு. நடுவுல வர்ற அமைதிதாங்க அழகே."

"எங்கடா அமுக்கறான்? ஒருவாட்டி இழுத்தான்னா ஏரி நெறஞ்சு தளும்பற மாதிரி நின்னு கெடக்குது. நீ காதுல தக்காளி வெச்சிருக்கறியா?"

"சத்தம் ஒல்லியா, பளிச்சுனு இருக்குது."

"ஒல்லியா? எருமக்கடா மாதிரி இருக்குது!"

"சரி, நடுவுல தனியா வாசிக்கற சோலோ? அது எங்கயோ பக்கத்து ஊர்ல யாரோ வாசிக்கற மாதிரி கேக்குது. அடக்கமான மனுசன்."

"பக்கத்து ஊரா? என் மண்டைக்குள்ள பூந்து வாசிக்கறான்டா அவன்!"

கிட்டார் வாங்குவதில் வந்த இழுபறியும் இதிலிருந்துதான். கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புச் சுருளுமாக இருப்பது பிக்கப். ஒற்றைச் சுருள் என்றால் ஒலி மெலிந்து பளிச்சென்று வரும். இரட்டைச் சுருள் என்றால் தடித்துக் கனத்து வரும். சேலத்துக் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. நான் ஒற்றை என்றேன், அவர் இரட்டை என்றார். நாங்கள் ஆசைப்பட்டது ஒரே பாட்டை வாசிக்க. ஆனால் அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்பதிலேயே ஒத்துப்போகவில்லை. போனின் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியும் பயனில்லை. அந்தச் சின்ன இரைச்சலில் அவரவர் தேடியது அவரவருக்குக் கேட்டது. வீடியோ தேடினால் இசைத்தட்டின் அசையாத அட்டைப் படம்தான் வந்தது.

அன்று பங்கைக் கேட்ட கோபத்தோடு மாமா சாவியை என்னிடம் வீசினார். "லைசென்சு வாங்கிட்டயில்ல, நீயே ஓட்டு." அந்த வாரம்தான் எனக்கு லைசென்ஸ் வந்திருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எப்போதும் நான் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டியின் ஸ்பீக்கர் செத்து வருஷக்கணக்காகிறது. ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வோம். அது வண்டியிலேயே கிடக்கும், தனியாக இரண்டு காதிலும் மாட்டி இருவருமே கேட்டதில்லை. மறு காது ஹாரனுக்கு என்பது மாமாவின் சட்டம். பேச்சு இல்லாததால் அந்தக் குழுவின் பாட்டைப் போட்டேன்.

முதல் அடியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடித்த, கனத்த, நிற்காமல் தளும்பும் ஒலி. என் வெண்டைக்காய்க்காரர் எங்கேயோ தூரத்தில் இருந்தார்.

"பாட்ட மாத்திட்டீங்களா மாமா?"

"நானா? நான் தொடவே இல்ல. ஒயரு அறுந்துபோச்சு போல. எருமக்கடாயக் காணோம்டா, எவனோ ஒல்லிப்பையன் வந்து வாசிக்கறான்."

வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனிலேயே திட்டிவிட்டுப் போனார். இரண்டு முனைகளையும் பிடுங்கி, என் இரண்டு காதுகளிலும் மாட்டிக்கொண்டேன்.

இடது பக்கம் ஒருவர். வலது பக்கம் இன்னொருவர். ஒருவர் வெட்டும் இடைவெளியில் மற்றவர் இழுத்து நிரப்பினார். இவர் நிறுத்தியதால் அவர் இழுத்தது தெரிந்தது. அவர் இழுத்ததால் இவர் நிறுத்தியது அழகாக இருந்தது. அந்தக் குழுவில் கிட்டார் வாசிப்பவர்கள் இரண்டு பேர். பதிவு செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாட்டும் டிரம்ஸும் நடுவில் இருந்ததால் எங்கள் இருவருக்கும் எதுவும் குறைவதாகத் தோன்றவில்லை. வழக்கமாக ஓட்டுகிற மாமாவுக்கு என் பக்கம் இருப்பது இடது காது. எனக்கு அவர் பக்கம் இருப்பது வலது காது. அன்றுவரை சீட் மாறாததால் காதும் மாறவில்லை. வருஷக்கணக்காக ஆளுக்கொரு மனிதரைக் கேட்டுவிட்டு, இருவரும் ஒரே ஆள் என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஒலிப் பாடம் எடுக்கிறவன். இதைப் பள்ளியில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இயர்போனை மாமாவிடம் கொடுத்தேன். அவர் பாட்டு முடியும்வரை கேட்டார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். பிறகு பின்னால் திரும்பித் தக்காளிப் பெட்டிகளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க நேரமானது.

"மாப்ள, அப்ப நீ சொன்னதும் சரி."

"நீங்க சொன்னதும் சரிங்க மாமா."

"இதுல எது வாங்கினாலும் பாட்டு பாதிதான் வரும்."

"ஆமாங்க."

"அப்ப பங்கு பிரிக்கற பேச்ச உடு."

அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கும் முறை. நான் வண்டியைக் கிளப்பினேன். அன்று தக்காளி விலை சுமார்தான். ஆனாலும் மாமா மண்டி ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

வீட்டில் அக்காவிடம் சொன்னோம். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி பொறுமையாகக் கேட்டாள்.

"இத்தன நாளும் ஒண்ணுக்கு அடிச்சிக்கிட்டீங்க. இப்ப ஒத்துமையா ரெண்டு வேணும்ங்கறீங்க. இதுக்கு அந்தச் சண்டையே செலவு கம்மி."

"இல்லக்கா, பாட்டே ரெண்டு பேருக்கானதுக்கா..."

"படிச்சவனே, நீ பேசாத. ஏங்க, எவ்ளோ கொறையுது?"

மாமா தலையைச் சொறிந்தார். அக்கா கொட்டகை மூலையில் கட்டியிருந்த கிடாவைப் பார்த்தாள். அது பண்டிகைக்கு என்று வளர்த்தது இல்லை, அவள் தன் செலவுக்கு என்று வளர்த்தது.

"இத வித்துக்கங்க. அது கத்தறதும் நீங்க வாசிக்கறதும் எனக்கு ஒண்ணுதான். ஆனா சோத்து நேரத்துல ஒரு சத்தம் வரக்கூடாது, சொல்லிட்டேன். அதோட என் வூட்டுல இனிமே பங்கு கிங்குன்னு ஒரு பேச்சு வந்துச்சு, ரெண்டையும் அடுப்புல வெச்சிருவேன்."

கிடா நல்ல விலைக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலம் போனோம். ஒற்றைச் சுருள் ஒன்று, இரட்டைச் சுருள் ஒன்று, இரண்டையும் ஒன்றாகச் செருகக்கூடிய பழைய ஆம்ப் ஒன்று. கடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தப் பாட்டின் முதல் நாலு வரியை வாசித்துப் பார்த்தோம். நான் வெட்டினேன், மாமா இழுத்தார். இரண்டாவது சுற்றில், "தப்பு, மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். ஒயர், தோளில் மாட்டும் வார், கம்பிகள் எல்லாம் சேர்த்து, பேரம் பேசி, கடைசியில் ஆனது இருபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.