முப்பத்தைந்தில் ஒரு பங்கு அருமைநாயகம்

யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்தால் நீங்கள் முகத்தைப் பார்ப்பீர்கள். எங்கள் எதிர்வீட்டு ஜாஸ்பர் பல்லை மட்டும்தான் பார்ப்பார். ஆளின் பெயர் அவருக்கு மறந்துபோகும், பல் மறக்காது. "யாரு, மேல் வரிசையில ரெண்டு போன ஆளா?" என்றுதான் பாளையங்கோட்டையில் பாதிப் பேரை அடையாளம் சொல்வார். தொழில் அப்படி. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; அதை வைத்து இவர் பல் செட் செய்து கொடுப்பார். முப்பது வருடமாக இதுதான் வேலை. ஊரார் வாயெல்லாம் வெள்ளை மாவுக்கட்டி அச்சுகளாக, பெயர் எழுதி, அவர் வீட்டு அலமாரியில் அடுக்கியிருக்கும். ஒன்றையும் தூரப் போடமாட்டார்.

அவர் செய்கிற பல்லை நான் குறை சொல்லமாட்டேன். என் கீழ்வரிசை அவர் செய்ததுதான், முறுக்கே கடிக்கிறேன். என் குறையெல்லாம் அவருடைய இன்னொரு வேலையைப் பற்றியது.

டயோரமா என்பார்கள். நடந்துபோன ஒரு சம்பவத்தில் ஒரே ஒரு நிமிடத்தை எடுத்து, மேசையளவுக்குச் சுருக்கி, ஆளும் வண்டியும் மண்ணும் புல்லுமாக அப்படியே நிறுத்திவிடுவது. ஜாஸ்பர் கணக்கில் எல்லாமே முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஆறடி ஆள் ஐந்து சென்டிமீட்டருக்கு வருவான். போர்க்களம் தவிர வேறு எதையும் செய்யமாட்டார். இத்தனைக்கும் தீபாவளிக்கு நாங்கள் சரவெடி வைத்தால் கட்டிலுக்கு அடியில் முதலில் போவது அவர் வீட்டு நாயா அவரா என்று சொல்வது கஷ்டம்.

பல் செய்கிற மெழுகில் சிப்பாய். பல் அச்செடுக்கிற மாவில் ஆற்றங்கரை. பத்தமடைப் பாய்க்கோரையைக் கிள்ளி நாணல். உதிர்ந்த இலை வேண்டுமென்று மேலப்பாளையத்துக்கு ஆட்டோவில் போய், பீடி சுற்றும் மைதீன் பாத்திமாவிடம் இலைக் கழிவு வாங்கி வருவார். அந்த அம்மாள் இவரைப் பீடி குடித்தே கெட்டுப்போகிற மனிதர் என்று இன்றுவரை நினைத்துப் பரிதாபப்படுகிறாள். ஆற்று மணலைச் சலிக்க வீட்டுக் காபி வடிகட்டி. அவர் மனைவி சாலோமி டீச்சர் வருடத்துக்கு நான்கு வடிகட்டி வாங்குகிறார். ஒருமுறை டாக்டருக்குப் போகவேண்டிய டப்பா மாறிப்போய், பல் செட்டுக்காக வாயைத் திறந்து காத்திருந்த ஒரு தாசில்தாருக்கு முன்னால் ஆறு சிப்பாய்கள் போய் நின்றார்கள்.

இந்தக் கூத்தில் ஜாஸ்பருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: உள்ளது உள்ளபடி. சட்டையில் மூன்று பொத்தான் என்றால் மூன்றுதான். நான் ஒருதடவை, "அழகுக்கு ரெண்டு கொக்கு நிறுத்தும்வே" என்றேன். "அன்னைக்கு அங்கன கொக்கு நின்னத நீரு பாத்தீரா?" என்று கேட்டார். ஒரு வாரம் பேசவில்லை.

அருமைநாயகம் வந்து சேர்ந்தது இந்தப் பிடிவாதத்தைச் சோதிக்கத்தான். சாத்தான்குளத்துக்காரர், பழைய பட்டாளத்து ஆள், எழுபத்தைந்து வயது, பாளையங்கோட்டையில் மகள் பெர்சிஸ் வீட்டில் இருக்கிறார். அவருடைய பல் செட் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடையும். காரணம் பல் அல்ல, பேச்சு. "எழுவத்தொண்ணு சண்டையில, கெழக்கு வங்காளத்துல" என்று ஆரம்பித்தால் செட் தாங்காது. விடியற்காலைப் பனியில் ஒரு ஆறு. படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்டுப் பாலம் அமைக்க வேண்டும். அதற்கு முதல் கயிற்றை அக்கரைக்கு யாராவது கொண்டுபோக வேண்டும். "அந்தக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு மொத ஆளா ஆத்துல எறங்குனவன் யாரு தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, மீசையைத் தடவுவார்.

ஜாஸ்பர் மயங்கிவிட்டார். ஒன்றரை வருடம் உழைத்தார். பதினான்கு படகு, முப்பத்தொன்பது சிப்பாய், கண்ணாடியாய் இறுகுகிற பிசின் ஊற்றி ஆறு. நடுவே, மார்பளவு தண்ணீரில், கயிறும் மீசையுமாக ஐந்து சென்டிமீட்டர் அருமைநாயகம். முகத்தில் ஒரு பயமும் கிடையாது. அந்தச் சண்டை முடிந்த நாளான டிசம்பர் பதினாறாம் தேதி முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூட்டத்தில் அதை வைப்பதென்று ஏற்பாடு. அருமைநாயகம் அதற்காக வெள்ளைச் சட்டை தைத்தார். பேரப் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து டிக்கெட் போட்டார்கள்.

ஜாஸ்பர் சும்மா இருந்திருக்கலாம். படத்தை எடுத்து அந்தச் சங்கத்து வாட்ஸப்பில் போட்டார். மூன்றாம் நாள் களக்காட்டிலிருந்து ஹவில்தார் பாபநாசம் பஸ் ஏறி வந்துவிட்டார். எழுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்த உடம்பு. அதே பட்டாளம், அதே ஆறு. மேசையைச் சுற்றி இரண்டு நடை நடந்தார்.

"படகு சரி. கயிறு சரி. பனியக்கூடப் பஞ்ச வச்சு ஒப்பேத்திட்டீரு. இந்தப் பய மட்டும் தப்பு."

"எந்தப் பய அண்ணாச்சி?" என்றார் ஜாஸ்பர்.

"அருமைநாயகம். அவன் ஆறு கொளம் இல்லாத தேரி மண்ணுல பொறந்தவன்வே. அவனுக்கு நீச்சலே தெரியாது. பட்டாளம் பூரா தெரியும். சமையக் கொட்டாயில பூரி உருட்டிக்கிட்டு இருந்தான், நானே தின்னுருக்கேன். ஆத்துல நின்னவனுக்கு அடையாளம் வேணும்லா? இந்தா பாரும்."

வலது கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே அரைவட்டமாக ஒரு தழும்பு. தண்ணீருக்குள் எதிராளி ஒருத்தனோடு கட்டிப் புரண்டபோது அவன் கடித்த கடியாம். களக்காட்டில் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை கிடையாதாம். நான் "ஆ" என்று பார்த்தேன். ஜாஸ்பர் குனிந்து, "இடது பக்கம் நாலாம் பல்லு திரும்பி நிக்குது" என்று முணுமுணுத்தார்.

"அவன எடுத்துரும். எடுக்கலைன்னா அன்னைக்கு மேடையில மைக்க வாங்கி நானே சொல்லிருவேன்" என்று சொல்லிவிட்டு, பாபநாசம் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

ஜாஸ்பர் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. பல் குடைகிற மிஷினை எடுத்து ஆற்றுக்கு நேரே வைப்பார், பிறகு கீழே வைத்துவிடுவார். உள்ளது உள்ளபடி என்றால் ஆளைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் ஒரு கிழவர் பேரப் பிள்ளைகள் முன்னால் பொய்யராக நிற்பார். பிடுங்காவிட்டாலும் மைக்கில் அதுதான் நடக்கும். சாலோமி டீச்சர்தான் சொன்னார், "இங்கன உக்காந்து யோசிக்கதுக்கு அவரயே கூப்பிட்டுக் கேட்டா என்ன?"

கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

அருமைநாயகம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு செட்டையும் கழற்றி டம்ளரில் போட்டார். பல்லோடு சொல்ல முடியாத விஷயம் போலிருக்கிறது.

"தெரியாது தம்பி. ஆனா எறங்குனேன்."

"எப்படி?"

"ஆபீசர் பஞ்சாபிக்காரன். கையில லிஸ்டு. என் பேருக்கு நேரா ஜில்லா திருநெல்வேலின்னு போட்டிருக்கு. அப்பம் சாத்தான்குளமும் திருநெல்வேலி ஜில்லாதானே. 'அங்க எவ்வளவு பெரிய ஆறு ஓடுது, நான் பாத்திருக்கேன், நீ ஆத்துப் பிள்ள, எறங்கு'ன்னுட்டான். நான் தாமிரபரணியக் கண்டதே ரயில்ல பாலத்து மேல போகையிலதான்."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் கத்தினேன்.

"எப்படிவே சொல்ல? அந்த ஆளு நம்ம ஆத்த அம்புட்டு ஒசத்தியாப் பேசுதான். பஞ்சாப்காரன் முன்னால நம்ம ஜில்லா மானம் போயிராதா?"

ஜில்லா மானத்தைக் காப்பாற்ற இறங்கியவர், நான்காவது எட்டில் முங்கிவிட்டார். "அம்மான்னு கத்துனேன். வாய் பூரா தண்ணி. எங்கிருந்தோ ஒரு கை வந்து காலரப் பிடிச்சுது. எமன்னு நெனச்சுக் கடிச்சிட்டேன் தம்பி. அந்தக் கை விடல. கரையில தூக்கிப் போட்டுட்டு திரும்ப ஆத்துக்குள்ள போயிட்டு. பனியில முகம் தெரியல. அம்புட்டும் அரை நிமிசம். பொறவு என்னையப் பூரி உருட்டப் போட்டுட்டாங்க." சட்டை முனையால் கண்ணைத் துடைத்தார். "காப்பாத்துன கையக் கடிச்ச பாவி நான். அத எப்படி வெளிய சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜாஸ்பர் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். மேல்தட்டில் கையை விட்டுத் துழாவி ஒரு மாவு அச்சை எடுத்தார். இருபது வருடத்துக்கு முன், இரண்டே பல் கட்ட அருமைநாயகம் முதன்முதலில் வந்தபோது எடுத்தது. மேல்வரிசையில் இடது பக்கம் நாலாம் பல் திரும்பி நின்றது.

கிழவர் போனபிறகு நான் குதித்தேன். "இப்பமே களக்காட்டுக்குப் போனப் போடும்வே! கடிச்சது எதிராளி இல்ல, பூரிக்காரன்னு சொல்லும்!"

"அவரு அம்பது வருசமா ஊருக்கே எதிராளி கடிச்சதுன்னு சொல்லி வச்சிருக்காரு. நாம சொன்னா அடிக்க வருவாரு. அவரே பாக்கட்டும்" என்றார் ஜாஸ்பர். பிறகு மிஷினை எடுத்தார். ஆற்றில் ஓட்டை விழுந்தது. மீசை முறுக்கிய வீரர் வெளியே வந்தார்.

அடுத்த பன்னிரண்டு நாள் அவர் ஒருவர் பல்லும் செய்யவில்லை. பாளையங்கோட்டையில் பல ஆட்கள் கஞ்சி குடித்துக்கொண்டு அவரைத் திட்டினார்கள். அவர் லென்சு கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை முடியை வைத்த குச்சியால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று எங்களுக்குக் காட்டவில்லை.

பதினாறாம் தேதி மண்டபத்தில் நல்ல கூட்டம். டயோரமா மேல் போட்டிருந்த துணியை எடுத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அருமைநாயகம் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்து பார்த்தார். தண்ணீரில் முகம் மட்டும் தெரிய ஒருவன் முங்கிக்கொண்டிருந்தான். மீசை நனைந்து தொங்கியது. இன்னொரு சிப்பாய் அவன் காலரைப் பிடித்திருந்தான். அந்தக் கையில் இவன் வாய் பதிந்திருந்தது.

"என்னைய இப்படிச் செஞ்சிட்டியே தம்பி" என்றார் அருமைநாயகம். முகம் வெளுத்துவிட்டது. பெர்சிஸ் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஜாஸ்பர் மேல் அப்படியொரு கோபம் வந்தது.

அதற்குள் பாபநாசம் மைக்குக்குப் போகத் தயாராக வந்து நின்றார். ஜாஸ்பர் தன் லென்சைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "ஒரு தடவ பாத்துட்டுப் பேசுங்க அண்ணாச்சி."

பாபநாசம் குனிந்தார். அரிசிக் குருணையைவிடச் சின்னதான அந்த வாயில் ஜாஸ்பர் பல் வைத்திருந்தார். ஒவ்வொரு பல்லாக வைத்திருந்தார். இடது பக்கம் நாலாவது திரும்பி நின்றது. பாபநாசம் நிமிரவே இல்லை.

நிமிர்ந்ததும் அவர் முதலில் செய்த காரியம், வலது கைச் சட்டையை இழுத்து மணிக்கட்டுவரை மூடிக்கொண்டதுதான். சரி, மனிதர் இப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டு எட்டு போனவர் நின்றார். திரும்பி வந்து பொத்தானைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டினார்.

"ஏலே அருமை. வாயத் தொற."

அருமைநாயகம் பயந்துபோய்த் திறந்தார்.

"இது ஜாஸ்பர் பல்லுலே. உன் பல்லு எங்க?"

ஜாஸ்பர் பையிலிருந்து மாவு அச்சை எடுத்துத் தழும்பின் மேல் வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் உள்ளது உள்ளபடி: சற்று விலகித்தான் இருந்தது. ஐம்பத்து நான்கு வருடத்தில் கை மெலியாமல் இருக்குமா? திரும்பிய பல் மட்டும் அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"அந்தக் கை நீயா?" என்றார் அருமைநாயகம்.

பாபநாசம் மைக்கை வாங்கினார். "இந்தத் தழும்பு எதிராளி கடிச்சது இல்ல. கயித்தோட மொதல்ல எறங்கி முங்குன நம்ம ஆளத் தூக்கையில அவன் கடிச்சது, பனியில யாருன்னு தெரியல. இத்தன வருசம் நான் சொன்னது பொய்" என்றார். "மொத ஆளா ஆத்துல எறங்குனது அருமைநாயகம். நாங்க எல்லாரும் நீச்சல் தெரிஞ்சு எறங்குனோம். இவன் தெரியாமலே எறங்குனான். அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல."

பேரப் பிள்ளைகள் கை தட்ட ஆரம்பித்தார்கள், பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. அருமைநாயகம் சிரித்தார், கூடவே அழுதார், மேல் செட் நழுவிக் கையில் விழுந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாஸ்பரைப் பார்த்தேன். அவர் அந்தச் செட்டைத்தான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபின் வெளியே வந்தோம். மண்டபத்து வாசலில் ஒன்பது படி, பிடிக்கக் கம்பி கிடையாது. அருமைநாயகம் மேல்படியிலேயே தயங்கி நின்றுவிட்டார். முன்னால் இறங்கிய பாபநாசம் திரும்பி வந்து வலது கையை நீட்டினார்.

"மெதுவாப் பிடிச்சுக்கலே. கடிச்சிராத."

அருமைநாயகம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அந்தத் தழும்பின் மேலேயே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.